பொருள்: அகற்றக் கோருதல்

நான்காவது கார்பனையும் செருகி, ஐந்து தாள்களின் விளிம்பையும் மேசையில் தட்டிச் சமன்செய்து கிளிப்பைப் போடுவதற்குள் தியாகு, "எழுதுங்க மாமா, ஒரு மணிக்கு தாசில்தார் ஜீப்புல ஏறிடுவாரு" என்று மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டான். அனுப்புநர் எழுதியாயிற்று, பாரதி நகர் குடியிருப்போர் நலச் சங்கம். பெறுநர் எழுதியாயிற்று. ஐயா எழுதிக் காற்புள்ளியும் வைத்தாயிற்று. பொருள் என்று எழுதி இரண்டு புள்ளி வைத்த இடத்தில் பேனா நிற்கிறது. ஐந்து தாளுக்கும் எழுத்து இறங்க வேண்டுமென்றால் அழுத்தி எழுத வேண்டும், அழுத்தி எழுத வேண்டுமென்றால் யோசித்து முடித்துவிட்டு எழுத வேண்டும், கார்பன் வைத்த பிறகு அடித்துத் திருத்தினால் ஐந்திலும் அடித்தல் விழும். முப்பத்துநாலு வருடமாக இந்தத் தாலுகா ஆபீஸுக்கு எதிரே, இதே தார்ப்பாய்க்குக் கீழே மனு எழுதுகிறேன். பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் இருக்கிறது, ஆனால் காலையிலிருந்து கரண்ட் இல்லை, இந்த மலையில் கொஞ்சம் காற்றடித்தால் கரண்ட் போய்விடும், அதனால் இன்னும் கார்பன், அதனால் இன்னும் நான். தியாகு உட்காரவில்லை. சங்கத்துக்குச் செயலாளர் ஆனதிலிருந்து அவன் எங்கேயும் உட்காருவதில்லை. இவனுடைய அப்பா ராமையாவும் நானும் ஒரே கப்பலில் வந்தவர்கள். ஸ்டூலில் பேச்சியக்கா உட்கார்ந்து, பச்சை ஸ்வெட்டரின் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருக்கிறாள். அவளும் அந்தக் கப்பல்தான். கப்பலில் நான் வாந்தியெடுத்தபோது கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை என் மூக்கில் வைத்து அழுத்தியவள், அப்போது அவளுக்குப் பதினேழோ பதினெட்டோ, எனக்கு ஒன்பது. இவர்கள் இரண்டு பேருக்கும் பின்னால், சுவரோரப் பெஞ்சில், சுக்ராம் உட்கார்ந்திருக்கிறான். அவன் வந்தது வேறு வேலையாக. ஜார்க்கண்டிலிருந்து வந்து மேல்பாறை எஸ்டேட்டில் தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டுகிறவன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மகள் சோனியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க விண்ணப்பம் நிரப்ப வேண்டும். இவர்கள் வருவதற்கு முன்னாலேயே வந்துவிட்டான், காத்திரு என்று சொன்னது நான்தான், காத்திருக்கிறான். அவன் எழுந்து டீ குடிக்கப் போனால் நன்றாக இருக்கும். அவன் போகமாட்டான். காத்திரு என்றால் காத்திருக்கிற ஆட்கள் இவர்கள். எங்களைப் போல, என்று ஒரு நினைப்பு வருகிறது, அதை அப்படியே விட்டுவிட்டுத் தாளைப் பார்க்கிறேன்.

"வந்தேறிகள்னு போடுங்க மாமா. வந்தேறிகளை அகற்றக் கோருதல். அப்பத்தான் ஒரு அழுத்தம் இருக்கும்" என்கிறான் தியாகு. பேச்சியக்கா தலையை ஆட்டுகிறாள். "அதென்னடா வந்தேறி கிந்தேறி, ஆபீசருக்கு வெளங்க வேணாமா, வடக்கன்னு எழுதச் சொல்லு." "ஆத்தா, வடக்கன்னு எழுதினா பேப்பர்ல போட்டு நாறடிச்சுருவானுக." "நாறட்டும். இருக்கறதத்தானே சொல்றோம்." சுக்ராம் அந்தச் சொல்லுக்கு மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மகளின் தலைமுடியை ஒதுக்குகிறான். அந்த ஒரு சொல் அவனுக்குத் தெரியும். தமிழில் அவன் முதலில் கற்றுக்கொண்டது அதுவாகத்தான் இருக்கும். எனக்கு முதலில் தெரிந்தது கள்ளத்தோணி. சிலோனில், அட்டன் ஊரில் பஸ் ஏறியபோது எனக்கு ஏழு வயது, அப்பா முன் இருக்கையில் உட்காரப் போனார், கண்டக்டர் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், கள்ளத்தோணி, பின்னுக்குப் போ என்றான். கோபமாகச் சொல்லவில்லை. டிக்கெட் டிக்கெட் என்கிற அதே குரலில் சொன்னான். அப்பா பின்னுக்குப் போனார். அப்படின்னா என்னப்பா என்று கேட்டேன். தோணிடா என்றார். தோணின்னா? தண்ணியில போறது. அதற்குமேல் அவருக்கும் தெரியாது. லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டின லயத்து வீட்டில் பிறந்து, அதே லயத்தில் கல்யாணம் செய்து, அதே மலையில் கொழுந்துக் கூடை தூக்கின மனிதர், கடலை அவர் பார்த்ததில்லை, அவருடைய அப்பாவும் பார்த்ததில்லை. தலைமன்னாரில் முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது, கரையோரம் கட்டியிருந்த தோணிகளில் கள்ளத்தோணி எது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. மீன் நாற்றம் அடித்தது. எங்களை ஏற்றியது பெரிய இரும்புக் கப்பல். அது தோணி இல்லை என்பதில் எனக்கு அப்போது ஒரு நிம்மதி, இனி யாரும் அப்படிச் சொல்ல முடியாது. இந்தப் பக்கம் வந்த பிறகு யாரும் அப்படிச் சொல்லவும் இல்லை. இங்கே வேறு. சிலோன்காரன். குழாயடியில், சிலோன்காரன் குடத்தை அங்கிட்டு நகத்து. மளிகைக் கடையில், சிலோன்காரனுவ வந்தப்புறம்தான் இந்த ஊருல திருட்டு. சில பேர் இரக்கமாகவும் சொன்னார்கள், பாவம் சிலோன்காரன், குளிர்ல என்ன செய்வான். இரக்கமாகச் சொன்னவர்கள் பக்கம் நின்றபோதுதான் எனக்கு அதிகமாகக் கூசியது, ஏனென்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. சர்க்கார் தாளில் எங்களுக்கு ஒரு பேர் இருந்தது, தாயகம் திரும்பியோர். அழகான பேர். அந்தப் பேரைச் சொல்லி எங்களை யாரும் திட்டியதும் இல்லை, கூப்பிட்டதும் இல்லை. போர்டில் பாரதி நகர் என்று எழுதி நாற்பத்தெட்டு வருடமாகிறது. பஸ்ஸில் இன்றைக்கும் சிலோன் காலனியெல்லாம் இறங்கு.

வெளிமாநிலத் தொழிலாளர்கள் என்று எழுதுகிறேன். மேல்பாறை பழைய லயங்களில் தங்கவைக்கப்பட்டுள்ள வெளிமாநிலத் தொழிலாளர்களை அகற்றக் கோருதல் தொடர்பாக. தியாகு குனிந்து படித்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறான். "சப்புன்னு இருக்கு மாமா." சப்பென்று இருப்பதுதான் வேலை செய்யும், தியாகு, உனக்குத் தெரியாது, முப்பத்துநாலு வருடத்தில் நான் கற்றது அதுதான். கத்துகிற சொல்லை ஆபீஸில் ஓரமாக வைத்துவிடுவார்கள். கழுவித் துடைத்த சொல்லைத்தான் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குத் தள்ளுவார்கள். போன வருடம் ஒரு பெண் வந்தாள், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாளாம், கண்ணாடி போட்டிருந்தாள், என் முன்னால் இதே ஸ்டூலில் உட்கார்ந்து கட்டம் போட்ட படிவம் ஒன்றை எடுத்தாள். வெளியிலிருந்து வந்தவர்களை வெறுப்பதற்கு உலகத்தில் எல்லா மொழியிலும் சொல் இருக்கிறதாம், அந்த வெறுப்புக்கே ஒரு பேர் இருக்கிறதாம், தமிழில் அதற்கு இன்னும் நிலையான ஒரு சொல் இல்லை என்றாள், அயலார் வெறுப்பு என்கிறார்கள், அந்நியர் அச்சம் என்கிறார்கள், அதில் வெறுப்பு எது, அச்சம் எது என்று அவளுக்கே குழப்பம். எனக்குப் பேர் வேண்டாம் ஐயா, ஜனங்கள் வாயில் இருக்கிற சொல்தான் வேண்டும் என்றாள். சொல். பொருள். யார் சொன்னது. எப்போது. எங்கே. கட்டம் கட்டமாகக் கேட்டாள். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். எழுத்து அழகாக இல்லை, ஆனால் வேகமாக எழுதினாள். கள்ளத்தோணிக்குப் பொருள் என்ன என்று கேட்டாள். அனுமதியில்லாமல் கடல் தாண்டி வந்தவன் என்று நூலகத்து அகராதியில் போட்டிருந்ததாக ஞாபகம். பின்னுக்குப் போ என்று அர்த்தம் என்றேன். அவள் சிரித்தாள், பிறகு சிரித்ததற்கு வருத்தப்பட்டவள் மாதிரி குனிந்து எழுதினாள். கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி இருந்தது. நீங்கள் யாரையாவது இப்படிச் சொல்லியிருக்கிறீர்களா? இல்லை என்றேன். உடனே சொன்னேன். கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். அவள் பஸ் ஏறிப் போன பிறகு அந்தக் கோடு எனக்குள் கிடந்தது, ஏனென்றால் அதற்கு முந்தின வாரம் கூட்டமான பஸ்ஸில் ஒருவன் ஷூவோடு என் காலை மிதித்தான், நான் வலியில் கத்தினேன், வடக்கன் வடக்கன், பின்னால போடா. அவன் பின்னால் போனான். கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குச் சூடாக இருந்தது, அந்தக் குளிரில், எல்லாரோடும் சேர்ந்து நிற்கிற மாதிரி. நாற்பத்தெட்டு வருடத்தில் அந்தப் பஸ்ஸில் அன்றைக்குத்தான் நான் இந்த ஊர்க்காரன்.

நாங்கள் மேற்படி முகவரியில் கடந்த நாற்பத்தெட்டு ஆண்டுகளாகக் குடியிருந்து வருகிறோம். அழுத்தி எழுதுகிறேன். நடுவிரலில் பேனா உட்காரும் காய்ப்பு வலிக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்குத் திருமணமாகி ஒரே அறையில் இரண்டு மூன்று குடும்பங்களாக வசித்து வருகின்றோம். இது பொய்யில்லை. தியாகுவும் மனைவியும் குழந்தையும் ராமையாவோடு ஒரே அறையில் இருக்கிறார்கள், நடுவில் சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், என் வீட்டிலும் அப்படித்தான், மகளும் மருமகனும் வந்த பிறகு நான் அடுப்படியில் படுக்கிறேன். எஸ்டேட் பழைய லயங்களைப் பழுதுபார்த்தபோது அவை எங்களுக்குத்தான் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். பிறகு ஒரு காண்ட்ராக்டர் வந்தான், இரண்டு பஸ்ஸில் ஆட்களை இறக்கினான், லயம் நிரம்பிவிட்டது. எங்கள் பெண்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கொழுந்து பறிக்கிற வேலை. பையன்கள் திருப்பூருக்கும் ஓசூருக்கும் போய்விட்டார்கள். அங்கே அவர்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்களோ, தீபாவளிக்கு வந்தால் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இதெல்லாம் உண்மை, ஒவ்வொரு வரியும் உண்மை. உண்மையான வரிகளாக அடுக்கிக்கொண்டு போய் கடைசியில் இருபத்துமூன்று குடும்பத்தை வெளியே தள்ளுகிற இடத்துக்கு வந்துவிட முடிகிறது. போன மாதம் இதே மனுவை எழுதிக் கொடுத்தோம். திரும்பி வந்தது. தங்கியிருப்போர் பெயர், வீட்டு எண், சொந்த ஊர் அடங்கிய பட்டியல் இணைக்கப்படாததால் விசாரிக்க இயலவில்லை. பட்டியல் எஸ்டேட்டில் இல்லை, அவர்கள் காண்ட்ராக்டர் ஆள் என்கிறார்கள். காண்ட்ராக்டரிடம் இல்லை, அவனுக்குத் தலை எண்ணிக்கை போதும். இந்தத் தாலுகாவில் அந்தப் பட்டியல் இருக்கிற இடம் ஒன்றே ஒன்று, என் மேசை இழுப்பறை. அட்டை கிழிந்த நீல நோட்டு. ஆதாரில் முகவரி மாற்ற, கேஸ் வாங்க, பிள்ளையைச் சேர்க்க, எதற்கென்றாலும் அவர்கள் என்னிடம்தான் வந்தார்கள், ஏனென்றால் நான் திட்டாமல் எழுதினேன். பூல்மணியா, புல்மணியா, ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டாமென்று நோட்டில் குறித்துவைத்தேன், வீட்டு எண்ணோடு, ஊரோடு. இதைத் தியாகுவுக்குச் சொன்னது யார்? நான். டீக்கடையில், கையில் வடையோடு, யாரும் கேட்காமலே, மேல்பாறையில இருக்கற அத்தனை பேர் ஜாதகமும் என்கிட்ட இருக்கு தெரியுமா என்று. பெருமைக்கு. தியாகு எனக்கும் சேர்த்து டீக்குச் சொன்னான்.

"நோட்ட எடுங்க மாமா" என்கிறான் இப்போது. மெதுவாகத்தான் சொல்கிறான். அவன் தோளில் தொங்குகிற பையில் இன்னொரு பட்டியல் இருக்கிறது, எங்கள் காலனிக்குப் பட்டா கொடுப்பதற்கான பட்டியல், நாற்பத்தெட்டு வருடமாக வராத பட்டா இந்த வருடம் வந்துவிடும் என்கிறார்கள், அதில் என் பேர் நாற்பத்தொன்றாவதாக இருக்கிறது, நான்தான் எழுதினேன், என் கையால் என் பேரை எழுதினேன். நோட்டு இல்லை, கரையான் தின்றுவிட்டது என்று சொல்லலாம். தியாகு ஒன்றும் செய்யமாட்டான். சரி மாமா என்பான். பிறகு ஒரு நாள் அந்தப் பட்டியலை வேறு யாராவது திருத்தி எழுதுவார்கள், நாற்பதுக்கு அடுத்து வேறு பேர் வரும், அல்லது வராது, இதெல்லாம் என் பயமாகவும் இருக்கலாம், தியாகு நல்ல பையன், என் மனைவி செத்தபோது பாடையில் முன்பக்கம் தோள் கொடுத்தவன். ஆனால் பேச்சியக்கா என்னைப் பார்க்கிறாள். "என்ன தம்பி யோசன? அவனுக மேல எரக்கமா? நம்மள பாத்து எவன் எரக்கப்பட்டான்?" இதற்குப் பதில் இருக்கிறது, நீ எலுமிச்சம்பழம் கொடுத்தாயே அக்கா என்பது பதில், அதைச் சொல்லாமல் குனிந்து மேசையின் கைப்பிடியைப் பிடிக்கிறேன். இழுப்பறை ஈரத்தில் உப்பியிருக்கிறது, இழுத்தால் வரவில்லை, இரண்டு கையாலும் இழுக்கிறேன், பாதிதான் வருகிறது. சுக்ராம் எழுந்து வந்து மேசையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்கிறான், ஆடாமல் இருக்க. "நல்லா இழு அண்ணா" என்கிறான், முழுதும் வந்துவிடுகிறது. தியாகு அவனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறான். "இவனும் அங்கதான் இருக்கானா?" தலையசைக்கிறேன். "இருக்கட்டும், இவனுக்கு என்ன வெளங்கப் போவுது."

பட்டியலை எழுதுகிறேன். வரிசை எண், பெயர், வீட்டு எண், சொந்த ஊர், நான்கு கோடு. ஸ்கேல் இல்லாமல் நேராகக் கோடு போட எனக்கு வரும். மங்கல் ஓராவ்ன், ஒன்று. புதன் ஓராவ்ன், இரண்டு. ஜார்க்கண்ட், ஜார்க்கண்ட் என்று கீழே கீழே எழுதுகிறேன், மேற்படி என்று இரண்டு கோடு போட்டால் போதும், ஆனால் பட்டியல் முழுமையாக இருக்க வேண்டும் என்று முழுதாகவே எழுதுகிறேன், வேலையில் ஒரு சுத்தம் வேண்டும், இந்த இடத்தில் எனக்கு எதற்குச் சுத்தம் என்று தெரியவில்லை, கை செய்கிறது. கப்பலை விட்டு இறங்கிய முகாமில் ஒரு குமாஸ்தா இப்படித்தான் கோடு போட்டு எழுதிக்கொண்டிருந்தார். அப்பா, அம்மா, நான், தங்கச்சி, நான்கு பேரையும் ஒரு அட்டையில் பேனாவால் எழுதினார், நீல மை, சாய்ந்த எழுத்து. போகும் இடம் என்ற கட்டம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு, ஐயா, அதயும் பேனாவாலயே எழுதிருங்க என்றார். மாறும்பா என்றார் குமாஸ்தா, நிமிராமல். மாறியது. இரண்டு முறை அழித்து எழுதினார்கள், அந்த இடத்தில் அட்டை தேய்ந்து மெலிந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் விரல் தெரியும். அப்பா சாகும்வரை அந்த அட்டையைப் பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. சிலோனிலும் அப்படித்தான், எஸ்டேட்டில் ஒருவன் வந்து, அரிசிக் கூப்பனுக்கு என்று சொல்லி எல்லாரிடமும் தாளில் கைரேகை வாங்கிக்கொண்டு போனான், வரிசையில் நின்று வைத்தார்கள், விட்டுப்போனவர்கள் ஓடிவந்து வைத்தார்கள். அது இந்தியாவுக்குப் போகிறோம் என்று எழுதிக் கொடுக்கிற விண்ணப்பம் என்பது அப்பாவுக்குக் கப்பல் சீட்டு வந்த பிறகுதான் தெரிந்தது. அதனால்தான் நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். முழு மனுவையும் உரக்கப் படித்துக் காட்டாமல் யாரையும் கையெழுத்துப் போட விடுவதில்லை. கைரேகையென்றால் இரண்டு முறை படிப்பேன். சன்னாசி படிச்சுக் காட்டினா வில்லங்கம் இருக்காது என்று இந்த வாசலில் ஒரு பேச்சு உண்டு. முப்பத்துநாலு வருடத்தில் ஒரு மனுவைக்கூடப் படிக்காமல் கொடுத்ததில்லை.

எழுதி முடித்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இரண்டு இடத்திலும் பெருக்கல் குறி போடுகிறேன். பேனாவால் போட்டால் மனு அசிங்கமாகும், பென்சில் என்றால் பிறகு அழித்துவிடலாம். "நேரமாச்சு மாமா, படிக்க வேணாம், குடுங்க" என்று தியாகு கையை நீட்டுகிறான். கொடுத்துவிடலாம். கொடுத்துவிட்டால் அந்தப் பெயர்களை என் வாயால் சொல்ல வேண்டியதில்லை. "படிக்காம எப்புடிப் போடறது? எனக்குக் கண்ணு தெரியுதா?" என்கிறாள் பேச்சியக்கா. "நீ படி தம்பி. எப்பவும் படிக்கறவன்தானே." மனுவைப் படிக்கிறேன். குரலைத் தாழ்த்திப் படிக்கிறேன், பேச்சியக்கா காதில் கைவைத்துச் சத்தமாப் படி என்கிறாள், சத்தமாகப் படிக்கிறேன். வெளிமாநிலத் தொழிலாளர்கள், அகற்றக் கோருதல், சட்டம் ஒழுங்கு, சுகாதாரச் சீர்கேடு. சுக்ராம் பெஞ்சில் உட்கார்ந்து தாலுகா ஆபீஸ் கூரைமேல் ஓடுகிற குரங்கை மகளுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறான். இந்த நீளமான தமிழ் அவனுக்கு மழைச் சத்தம் மாதிரி. "இத்துடன் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது" என்று முடிக்கிறேன். "பட்டியலப் படி. விட்டுப்போச்சுன்னா மறுபடி திருப்பி அனுப்புவானுக." தண்ணீர் குடிக்கிறேன். பாட்டில் மூடியைத் திருகுகிறேன், நன்றாக இறுகிய பிறகும் திருகுகிறேன். மங்கல் ஓராவ்ன், வீட்டு எண் ஒன்று. சுக்ராம் திரும்புகிறான். புதன் ஓராவ்ன், வீட்டு எண் இரண்டு. அவன் எழுந்து நிற்கிறான். பெயர்கள்தான் அவனுக்குப் புரிகிற தமிழ். ஒவ்வொரு பெயருக்கும் தலையசைத்துக்கொண்டே மேசைக்கு வருகிறான், கூடவே சோனி. அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் ஏறிக்கொண்டே வருகிறது, நான் படித்துக்கொண்டே அதைப் பார்க்கிறேன், நிறுத்த வேண்டும், இப்போது நிறுத்திவிட்டு இவனிடம் இரண்டு வார்த்தை சொன்னால் போதும், கர் காலி, வீடு காலி என்று, அந்த அளவு இந்தி எனக்கு வரும், இத்தனை வருடம் எஸ்டேட் கேட்டில் கேட்டுக் கேட்டு வந்தது. சுக்ராம் முண்டா, வீட்டு எண் ஏழு என்று படிக்கிறேன். "ஏழு இல்ல அண்ணா" என்கிறான் சுக்ராம். "எட்டு. ஏழு லாலு. நான் எட்டு."

தார்ப்பாயில் தேங்கின பனித்தண்ணீர் ஓரத்தில் சொட்டுகிறது. "இது என்ன பேப்பர் அண்ணா?" என்று கேட்கிறான். நான் வாயைத் திறக்கிறேன். தியாகு முந்திக்கொள்கிறான், "வீட்டு லிஸ்ட்டு. வீடு, வீடு. லிஸ்ட்டு." "வீடு லிஸ்ட்" என்கிறான் சுக்ராம், "அச்சா, அச்சா." மகளிடம் குனிந்து அவர்கள் பாஷையில் ஏதோ சொல்கிறான், அவள் தாளைப் பார்க்கிறாள், தன் அப்பா பெயர் எங்கே என்று தேடுகிறவள் மாதிரி. "சரிதான், எட்டுன்னு மாத்துங்க" என்கிறான் தியாகு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, பிறகு அடக்குவதற்குச் சிரிப்பு இல்லாதவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஏழை அடிக்கிறேன். ஐந்து தாளிலும் ஏழு அடிபடுகிறது. மேலே எட்டு என்று எழுதிச் சுருக்கொப்பம் வைக்கிறேன். மீதியைப் படிக்கிறேன். இருபத்துமூன்று வரைக்கும் அவன் விரல்விட்டு எண்ணுகிறான். முடிந்ததும் அவன் முகம் வாடுகிறது. "மங்ரா இல்ல" என்கிறான். "அண்ணா, மங்ரா விட்டுப்போச்சு. என் பொண்டாட்டி தம்பி. போன மாசம் வந்தான். லயம் கடைசி, இருபத்துநாலு. வயித்துல புள்ள இருக்கு அவன் பொண்டாட்டிக்கு. எழுது அண்ணா. நீ நல்ல அண்ணா, எழுது." கைரேகை வைக்க ஓடிவந்தவர்களை எனக்கு ஞாபகமில்லை, நான் சின்னப் பையன், அம்மா சொல்லித்தான் தெரியும், மூச்சு வாங்க ஓடிவந்தார்களாம், எங்களையும் சேத்துக்கங்க என்றார்களாம். பேச்சியக்கா ஸ்வெட்டரின் கையை இழுத்து விரல்களை உள்ளே மறைத்துக்கொள்கிறாள். எதையோ சொல்லப்போகிறாள் என்று நினைக்கிறேன். அவள் சொன்னால் நான் நிறுத்திவிடுவேன். என்னைவிட எட்டு வயது மூத்தவள், அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவள் முகத்தையே பார்க்கிறேன், அவள் என் முகத்தைப் பார்க்கிறாள், ஒருவேளை அவளும் அதையேதான். "எழுது தம்பி" என்கிறாள். "அவனே சொல்றான்ல." இருபத்துநான்கு, மங்ரா முண்டா, வீட்டு எண் இருபத்துநான்கு, ஜார்க்கண்ட். பேனா அழுந்துகிறது. கடைசிப் பிரதி வரைக்கும் இறங்கியிருக்கும். சுக்ராம் நெஞ்சில் கைவைத்துக்கொள்கிறான்.

தியாகு கையெழுத்துப் போடுகிறான். பேச்சியக்கா மை அட்டையில் பெருவிரலைத் தோய்த்து உருட்டி வைக்கிறாள், ஐந்து முறை, ஐந்தாவது முறை மை போதாமல் ரேகை பாதிதான் விழுகிறது, அதுவே போதும் என்கிறேன். விரலை என் மேசை விளிம்பில் துடைக்கிறாள், அந்த விளிம்பு அப்படித் துடைத்துத் துடைத்தே கறுத்தது. பெருக்கல் குறிகளை ரப்பரால் அழிக்கிறேன். "வர்றேன் மாமா. பட்டா விஷயம் அடுத்த வாரம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தியாகு சாலையைக் கடக்கிறான், ஜீப் இன்னும் நிற்கிறது, டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். பேச்சியக்கா எழுந்திருக்கச் சிரமப்படுகிறாள், சுக்ராம் அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறான், அவள் கையை விடுவித்துக்கொண்டு அவனைப் பார்க்காமல் போகிறாள். சர்வேயர் வருவார், ஆர்.ஐ. வருவார், கையில் என் எழுத்து இருக்கும், வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுவதால் அவர்கள் வெளியே வருவார்கள். ஒரு மாதம். மழைக்கு முன்னால் முடித்துவிடுவார்கள். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் இரண்டு வாரம். இப்போதாவது சொல்லலாம். இப்போது யாரும் இல்லை. சொன்னால் என்ன ஆகும், அவன் ஓடிப்போய் மற்ற இருபத்துமூன்று வீட்டிலும் சொல்வான், யார் எழுதினது என்று கேட்பார்கள், அண்ணா என்பான். வேறு என்ன செய்ய முடியும் அவர்களால், இன்னொரு மனு எழுதலாம், அதையும் நான்தான் எழுத வேண்டும். அந்த ஆராய்ச்சிப் பெண்ணின் படிவத்தில் யார் சொன்னது என்று ஒரு கட்டம் இருந்தது. யார் எழுதினது என்று கட்டம் இல்லை. சுக்ராம் இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து, மடியிலிருந்த உறையைப் பிரித்து, பள்ளிக்கூட விண்ணப்பத்தை என் முன்னால் விரித்து, நான்காக மடித்த மடிப்பை உள்ளங்கையால் நீவிவிடுகிறான். சோனி என்னுடைய பழைய கார்பன் ஒன்றை எடுத்து விரல்களை நீலமாக்கிக்கொண்டு, அந்த விரலால் மேசை விளிம்பில் அழுத்தி அழுத்திப் பார்க்கிறாள். "இஸ்கூல் போவா" என்கிறான் சுக்ராம், "தமிழ் படிப்பா. அப்புறம் உன்கிட்ட வரவேணாம், அவளே எழுதுவா." சிரிக்கிறான். நானும் சிரிக்கிறேன் போலிருக்கிறது, முகம் இழுக்கிறது. ஒரே தாள், கார்பன் வேண்டாம், அழுத்த வேண்டாம். மாணவியின் பெயர், சோனி முண்டா. தந்தை பெயர், சுக்ராம் முண்டா. தாய் பெயர், பூல்மணி, நோட்டைப் பார்க்காமலே வருகிறது. தாய்மொழி, முண்டாரி. பிறந்த தேதியை அவன் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். எல்லாம் நீல மையில், தெளிவாக, ஒரு எழுத்து இன்னொன்றின் மேல் படாமல். வீட்டு முகவரி என்ற கட்டம் வருகிறது. பேனாவை மூடி வைத்துவிட்டு, காதிலிருந்த பென்சிலை எடுத்து, எண் எட்டு, பழைய லயம், மேல்பாறை என்று எழுதுகிறேன்.